ஸ்லைடில் ஓடுவது யார்? அறிகுறி பார்த்து நுண்ணுயிரை அடையாளம் காணும் வழி

பாடப்புத்தகத்தில் பாரமீசியம் அசையாமல் நிற்கும். ஒவ்வொரு உறுப்புக்கும் கோடு இழுத்துப் பெயர் எழுதியிருப்பார்கள். உங்கள் ஸ்லைடில் அது நிற்காது. பத்து வகை உயிர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும், அவற்றோடு தூசியும் ஓடும். எது எதுவென்று தெரியாமல் மாணவர் நோட்டில் பாரமீசியம் என்று எழுதிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். குளத்துத் தண்ணீர், வைக்கோல் ஊறல், தயிர், பல்லில் சுரண்டிய அழுக்கு இவற்றைச் சாதாரண ஆய்வக நுண்ணோக்கியில் பார்ப்பவர்களுக்காக எழுதியது இது. நீங்கள் காணும் காட்சியே இங்கே தலைப்பு. அதைத் தேடிப் பிடித்து அங்கிருந்து படியுங்கள்.

என் வரிசை இது: முதலில் அசைவு, அடுத்து அளவு, அப்புறம் உள்ளே இருக்கும் உறுப்புகள், கடைசியாக வடிவம். புத்தகங்கள் பெரும்பாலும் வடிவத்தில் தொடங்கும். சாயமேற்றிய பாக்டீரியாவுக்கு அது சரி. உயிரோடு நீந்தும் சொட்டில் வடிவம்தான் முதலில் ஏமாற்றும். பாரமீசியம் பக்கவாட்டில் புரண்டால் வேறு உருவம், யூக்ளினா நெளிந்தால் வேறு உருவம். நீந்தும் விதம் அவ்வளவு சுலபமாக மாறாது.

தொடங்கும் முன் ஒரு கணக்கு. கண்ணருகே இருக்கும் வில்லையில் 10X/18 என்பது போல எழுதியிருக்கும். அந்த 18-ஐக் கீழ்வில்லையின் எண்ணால் வகுத்தால் நீங்கள் பார்க்கும் வட்டத்தின் விட்டம் மில்லிமீட்டரில் வரும். 10X வில்லையில் 1.8 மி.மீ., 40X-இல் 0.45 மி.மீ., அதாவது 450 மைக்ரான். 100X-இல் 180 மைக்ரான். பாரமீசியம் காடேட்டம் ஏறக்குறைய 200 முதல் 300 மைக்ரான் நீளம் இருக்கும், 40X-இல் வட்டத்தின் பாதியையே அடைத்துவிடும். ஈ. கோலை 2 மைக்ரான்தான், அதே வட்டத்தின் குறுக்கே இருநூறுக்கு மேல் வரிசையாக நிறுத்தலாம். இது பாக்டீரியாவா, புரோட்டிஸ்டா (உட்கரு உள்ள, பெரும்பாலும் ஒரே செல்லாலான பாரமீசியம், அமீபா போன்றவை) என்ற கேள்வியில் பெரும்பகுதி இந்தக் கணக்கிலேயே தீர்ந்துவிடும்.

"வெறும் வெளிச்சம்தான் தெரிகிறது"

பெரும்பாலும் வெளிச்சம் அதிகம். உயிருள்ள நுண்ணுயிர்கள் கிட்டத்தட்ட நிறமற்றவை, கண்ணாடி போல ஒளியை விட்டுவிடும். ஸ்லைடுக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் கன்டென்சருக்கு அடியில், ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தும் டயாஃப்ரம் இருக்கும்; அதை மெல்ல மூடுங்கள், விளிம்புகள் கருத்து எழும். முதலில் 10X-இல் கவர் ஸ்லிப்பின் ஓரத்தைக் கூர்மையாக்கி அங்கிருந்து உள்ளே வாருங்கள். மாதிரி எடுத்த இடத்தையும் யோசியுங்கள். குளத்தின் நடுவே தெளிந்த நீரில் ஒன்றும் அதிகம் இருக்காது. அழுகும் இலை, பாசி ஒட்டிய கல், அடியில் படிந்த பழுப்புச் சேறு இவற்றைப் பிழிந்த நீரில்தான் கூட்டம் இருக்கும்.

"எல்லாம் ஒரே பக்கமாக ஓடுகிறது"

அது தண்ணீரின் ஓட்டம். கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் நீர் உலர்கிறது, மீதி நீர் அந்தப் பக்கம் இழுபடுகிறது. தூசியும் அதே திசையில் அதே வேகத்தில் போகிறதா என்று பாருங்கள். போனால் ஓட்டம்தான். கவர் ஸ்லிப்பின் நான்கு ஓரத்திலும் வாசலின் தடவி அடைத்துவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். அப்புறமும் எதிர்த்திசையில் போவது எதுவோ, அதை மட்டும் கவனியுங்கள்.

"இருந்த இடத்திலேயே நடுங்குகிறது"

ஆய்வக நோட்டுகளில் அதிகம் தவறாக எழுதப்படுவது இதுதான். தயிரைக் கரைத்து 100X-இல் பார்த்தால் குச்சிகளும் உருண்டைகளும் விடாமல் துடிக்கும். உடனே 'அசையும் தன்மை உடையது' என்று எழுதிவிடுகிறார்கள். தயிரில் பொதுவாக இருக்கும் லாக்டோபேசில்லஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் போன்றவை தாமாக நீந்துவதில்லை. நீங்கள் பார்ப்பது பிரௌனியன் அசைவு. நீர் மூலக்கூறுகள் நாலாபக்கமும் மோதுவதால் வரும் நடுக்கம் அது. திருவிழாக் கூட்டத்தில் சிக்கியவர் இப்படியும் அப்படியும் தள்ளப்படுவாரே தவிர எங்கும் போய்ச் சேரமாட்டார், அதே கதை. தாவரவியலாளர் ராபர்ட் பிரௌன் 1827-இல் மகரந்தத்தின் உள்ளிருந்து வந்த நுண்துகள்களில் இதைக் கவனித்தபோது அவருக்கும் உயிரின் அசைவோ என்ற ஐயம் எழுந்தது. உயிரற்ற கல்பொடியும் அப்படியே துடிப்பதைப் பார்த்த பிறகுதான் அந்த ஐயம் நீங்கியது.

நீங்களும் அதையே செய்யலாம். ஒரு துகளைத் தேர்ந்து, பக்கத்தில் உள்ள இன்னொன்றை அடையாளமாக வைத்துக்கொண்டு இருபது விநாடி பாருங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய அப்படியே இருந்தால் அது நடுக்கம். தானாக நீந்துவது மற்றவற்றைக் கடந்து போகும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் அதே மாதிரியின் இன்னொரு சொட்டில் அயோடின் கரைசல் கலந்து உயிரைக் கொன்றுவிட்டு ஒப்பிடுங்கள். கொன்ற பிறகும் அதே துடிப்பு இருந்தால் அது உயிரின் வேலை அல்ல. சிறியவை அதிகம் துடிக்கும், பெரியவை குறைவாகத் துடிக்கும் என்பதும் ஒரு துப்பு. பாரமீசியம் அளவுள்ள எதுவும் இப்படித் துடிக்காது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு காட்சி உண்டு. குளத்துப் பாசியில் குளோஸ்டீரியம் என்ற பிறை வடிவப் பச்சை உயிர் கிடைக்கும். அதன் இரு முனைகளிலும் சிறு குமிழ், ஒவ்வொன்றுக்குள்ளும் நுண்ணிய படிகங்கள் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். உயிருக்குள்ளேயே நடக்கும் பிரௌனியன் அசைவு. மாணவருக்கு இதை ஒருமுறை காட்டிவிட்டால் அப்புறம் நடுக்கத்தையும் நீச்சலையும் குழப்பிக்கொள்ளமாட்டார்.

"மிகச் சிறிய குச்சிகள், ஆனால் நிஜமாகவே ஓடுகின்றன"

இப்போது நீங்கள் பார்ப்பது நீந்தும் பாக்டீரியா. தட்டையான ஸ்லைடில் இவற்றைப் பார்ப்பது கடினம், தொங்கும் துளி முறையே நல்லது. கவர் ஸ்லிப்பின் நடுவில் சின்னச் சொட்டு, ஓரத்தில் வாசலின், அதன் மேல் குழிவான ஸ்லைடைக் கவிழ்த்து ஒட்டிச் சட்டென்று திருப்புங்கள். சொட்டின் விளிம்பை முதலில் 10X-இல் பிடித்துக்கொண்டு 40X-க்கு மாறுங்கள்.

வைக்கோலை நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று நாள் விட்டால் வரும் கலங்கலில் குச்சி வடிவப் பேசில்லஸ்கள் ஏராளம். சில தனியாக ஓடும், சில சங்கிலியாகக் கோத்துக்கொண்டு நெளிந்து போகும். பழைய ஊறலில் சில குச்சிகளுக்குள் பளிச்சென்று ஒளிரும் முட்டை வடிவப் புள்ளி தெரியும். அது வித்து, கடினக் காலத்தைத் தாங்க பாக்டீரியா உண்டாக்கும் உறங்கும் வடிவம். வித்து தெரிந்தால் தேடலின் வட்டம் வெகுவாகச் சுருங்கிவிடும், எல்லாக் குச்சிகளும் வித்து உண்டாக்குவதில்லை.

ஓடும் விதத்தைக் கவனியுங்கள். ஈ. கோலை போன்றவை ஏறக்குறைய ஒரு விநாடி நேராக ஓடும், கண நேரம் தடுமாறித் திசை மாறும், மறுபடி ஓடும். கசையிழைகள், அதாவது நீந்த உதவும் வால் போன்ற இழைகள், ஒரே பக்கமாகச் சுழன்று ஒன்றாகக் கட்டிக்கொண்டால் ஓட்டம், அவற்றில் சில எதிர்ப்பக்கம் சுழன்று கட்டு கலைந்தால் தடுமாற்றம். அந்தக் கசையிழையைச் சாதாரண நுண்ணோக்கியில் தேடாதீர்கள். அதன் தடிமன் ஒரு மைக்ரானில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே, சிறப்புச் சாயம் ஏற்றாமல் தெரியாது. வளைந்த குச்சிகள் அம்பு பாய்வதுபோல் விரைந்து மறைந்தால் விப்ரியோ வகையாக இருக்கலாம். காலரா கிருமி இந்தப் பாய்ச்சலுக்குப் பேர்போனது. ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் காக் 1884-இல் கல்கத்தாவில் நோயாளிகளிடமிருந்து அதைப் பிரித்து எடுத்து, காற்புள்ளி வடிவத்தைச் சுட்டிக்காட்டினார். குளத்து நீரில் வளைந்த குச்சி தெரிந்ததும் காலரா என்று யாரும் பதற வேண்டாம், தீங்கற்ற விப்ரியோக்கள் நிறைய உண்டு.

முறுக்கு வடிவங்களில் ஒரு சின்னச் சோதனை. உடல் வளையாமல் விறைப்பாக இருந்து, முழுவதும் சுழன்று முன்னேறினால் ஸ்பைரில்லம். உடலே நெளிந்து வளைந்து போனால் ஸ்பைரோகீட். ஸ்பைரோகீட்டின் கசையிழைகள் உடலின் உறைக்குள்ளேயே ஒளிந்திருப்பதால் அப்படி நெளிகிறது. பல் இடுக்கில் சுரண்டிய அழுக்கை எச்சிலில் கரைத்துப் பாருங்கள், நெளியும் வகை கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் லேவன்ஹூக் தன் பல் அழுக்கில் பார்த்தவற்றைப் பற்றி 1683-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அவர் பார்த்த காட்சியை இன்று யாரும் தன் வாயிலிருந்தே எடுத்துப் பார்க்கலாம்.

இன்னொரு அறிகுறி: ஸ்லைடு போட்ட சில நிமிடத்தில் எல்லாக் குச்சிகளும் கவர் ஸ்லிப்பின் ஓரத்துக்கோ காற்றுக் குமிழியைச் சுற்றியோ கூடிவிட்டனவா? அவை ஆக்சிஜனைத் தேடிப் போகின்றன. 1882-இல் ஜெர்மன் உடலியலாளர் எங்கெல்மன் இந்தப் பழக்கத்தையே கருவியாக்கினார். பச்சை இழையின் மேல் நிறமாலையை விழவைத்து, பாக்டீரியா எந்த நிறத்தருகே கூடுகிறது என்று பார்த்து, ஒளிச்சேர்க்கைக்கு எந்த ஒளி அதிகம் உதவுகிறது என்று கண்டுபிடித்தார்.

ஒன்றுமே ஓடவில்லை என்றால் உடனே 'அசையாதது' என்று எழுதாதீர்கள். வளர்ப்பு, அதாவது ஆய்வகத்தில் வளர்த்த பாக்டீரியாக் கூட்டம், பழசாக இருக்கலாம், குளிர்பெட்டியிலிருந்து நேரே எடுத்திருக்கலாம், விளக்கின் சூட்டில் செத்திருக்கலாம். புதிதாக வளர்த்த மாதிரியில் இன்னொரு முறை பார்த்துவிட்டு எழுதுங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியும் கூட்டமாக ஆய்வகத்தில் வளர்த்த எதையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டாம்.

"பெரிதாக ஒன்று, பிடிப்பதற்குள் வட்டத்தைவிட்டுப் போய்விடுகிறது"

குற்றிழை உயிரி, உடலில் உள்ள குட்டி மயிர் போன்ற இழைகளை அடித்து நீந்துவது. பாரமீசியம் ஒரு விநாடியில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் போகும், 40X வட்டத்தை அரை விநாடியில் கடந்துவிடும். துரத்துவதை விடுங்கள். சொட்டுக்குள் சில பஞ்சு இழைகளைப் பிரித்துப் போட்டால் சிறு சிறு அறைகள் உண்டாகி அதற்குள் சிக்கும். மெத்தில் செல்லுலோஸ் கரைசல் ஒரு துளி கலந்தால் நீர் கெட்டியாகி வேகம் குறையும். ஒன்றும் இல்லையென்றால் வடிதாளின் முனையால் ஓரத்தில் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுங்கள், கவர் ஸ்லிப் இறங்கி உயிரை மெல்ல அழுத்திப் பிடிக்கும். அதிகம் உறிஞ்சினால் நசுங்கிவிடும்.

நின்ற பிறகு பார்க்க வேண்டியவை: தன் அச்சில் உருண்டுகொண்டே முன்னேறியதா? தடையில் மோதியதும் பின்வாங்கி, சற்றுத் திரும்பி, மறுபடி முயன்றதா? உடலில் இரண்டு இடத்தில் நட்சத்திரம் போலக் கைகள் விரிந்த குமிழ்கள் மாறி மாறி நிறைந்து சுருங்குகின்றனவா? மூன்றுக்கும் ஆம் என்றால் பாரமீசியம் என்று துணிந்து எழுதலாம். அந்தச் சுருங்கும் குமிழ் உடலுக்குள் ஊறி வரும் அதிக நீரை வெளியேற்றும் பம்பு. உடல் முழுக்கப் பச்சை உருண்டைகள் நிறைந்திருந்தால் பாரமீசியம் பர்சாரியா, அது தனக்குள் பாசியை வளர்த்துக்கொள்ளும் இனம்.

பாரமீசியம் என்று எழுதப்படும் மற்றவை இவை. வைக்கோல் ஊறலில் முதலில் தலைகாட்டுவது பெரும்பாலும் கால்போடா. சிறுநீரக வடிவம், பாரமீசியத்தைவிட வெகு சிறிது. காய்ந்த வைக்கோலில் உறைக்குள் உறங்கிக் கிடந்து நனைந்ததும் எழுந்து வரும். ஸ்பைரோஸ்டோமம் ஒரு மி.மீ.க்கும் மேல் நீளும், வெறும் கண்ணுக்கு வெள்ளை நூல் துணுக்காகத் தெரியும். மேசையைத் தட்டினால் சட்டென்று பாதிக்கும் குறைவாகச் சுருங்கிவிடும், அதுவே அதன் அடையாளம். ஸ்டைலோனிக்கியா நீந்துவதைவிட இலைத்துணுக்கின் மேல் நடக்கும். வயிற்றுப் பக்கக் குற்றிழைகள் கற்றைகளாகச் சேர்ந்து கால்கள் ஆகிவிட்டன. நடப்பது, திடீரென்று ஒரு துள்ளல், பிறகு நடப்பது. கோலெப்ஸ் பீப்பாய் வடிவில் கவசத் தகடுகளோடு இருக்கும். செத்த உயிரைச் சுற்றிக் கூட்டமாய் மொய்த்துத் தின்னும்.

"காம்பில் நிற்கிறது, தொட்டால் சுருங்குகிறது"

வோர்டிசெல்லா. மணி வடிவத் தலை, நீண்ட காம்பு, அதிர்ச்சி பட்டதும் காம்பு சுருள்வில்லாகச் சுருண்டு, பிறகு நிதானமாக நிமிரும். தலைகள் பல சேர்ந்து கிளைத்திருந்தால் அது வேறு: ஒவ்வொரு கிளையும் தனித்தனியாகச் சுருங்கினால் கார்கீசியம், முழுக் கூட்டமும் ஒன்றாகச் சுருங்கினால் ஸூதாம்னியம், காம்பு சுருளாமல் தலை மட்டும் சுருங்கினால் எபிஸ்டைலிஸ். வோர்டிசெல்லாவின் தலை காம்பை விட்டு அறுந்து தனியே நீந்துவதும் உண்டு. அதைப் பார்த்துப் புதிய இனம் என்று எண்ண வேண்டாம்.

"முன்னால் இரண்டு சக்கரம் சுற்றுகிறது"

அது புரோட்டிஸ்டே அல்ல. ரோட்டிஃபர், பல செல்கள் கொண்ட விலங்கு. பெரிய பாரமீசியத்தைவிடச் சிறிய ரோட்டிஃபர்கள் உண்டு, ஆகவே அளவு இங்கே கைகொடுக்காது. சக்கரங்களுக்குக் கீழே உடலின் உள்ளே ஓயாமல் அரைத்துக்கொண்டிருக்கும் தாடை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் முடிந்தது விஷயம். பின்னால் விரல் போன்ற கால் இருக்கும், அதை ஊன்றி அட்டை மாதிரி நீண்டு சுருங்கி நகரும். கண்ணாடிப் புழு ஒன்று S வடிவில் இரு பக்கமும் அடித்துக்கொண்டு எங்கும் போகாமல் இருந்தால் அது உருளைப்புழு, அதுவும் நம் பட்டியலில் இல்லை.

"பச்சையாக இருக்கிறது, ஓடவும் செய்கிறது"

இங்கே நால்வர் முக்கியம். ஒன்று யூக்ளினா: பெரும்பாலும் 50 மைக்ரான் அளவு, முன்முனையில் சிவப்புக் கண்புள்ளி, நின்றால் உடல் புடைத்துச் சுருங்கி நெளியும். அதே நிறம், அதே கண்புள்ளி, ஆனால் இலைபோல் தட்டையாக, வளையாமல் திருகிக்கொண்டு போனால் ஃபேக்கஸ். அடுத்தது கிளாமிடோமோனாஸ்: 10 மைக்ரான் அளவுதான், உருண்டை, முன்னால் இரண்டு சமமான கசையிழை. நாலாவது வால்வாக்ஸ்: கண்ணுக்கே பச்சைப் புள்ளியாகத் தெரியும் கோளம், உள்ளே குட்டிக் கோளங்கள், மெல்ல உருண்டுகொண்டே போகும்.

யூக்ளினாவா கிளாமிடோமோனாஸா என்று தடுமாறினால் அயோடின் ஒரு துளி விடுங்கள். இரண்டும் நின்றுவிடும், கசையிழைகளும் தெளிவாகும், எண்ணிப் பார்க்கலாம். இன்னொரு நன்மையும் உண்டு. கிளாமிடோமோனாஸ் மாவுச்சத்தைச் சேமிப்பதால் உள்ளே கருநீலமாகும். யூக்ளினா சேமிப்பது பாராமைலான் என்ற வேறு பொருள், அது அயோடினில் நீலமாகாது. ஒரு துளியில் இரண்டு பதில், இதைவிட மலிவான சோதனை இல்லை.

குளத்தின் மேல் சிவப்புப் படலம் இருந்து, ஸ்லைடில் யூக்ளினா போலவே நெளியும் சிவப்பு உயிர்கள் தெரிந்தால் தயங்க வேண்டாம். யூக்ளினா சாங்குயினியா சிவப்பு நிறமியைச் சேர்த்துக்கொள்ளும்.

"மெல்ல வழுக்கிக்கொண்டு போகிறது, துடுப்பு எதுவும் இல்லை"

நிறத்தைப் பாருங்கள். நீலம் கலந்த பச்சை இழை, குறுக்கே நெருக்கமான கோடுகள், முனை மெல்ல ஊசலாடுகிறது என்றால் ஆஸிலடோரியா. நீலப்பசும்பாசி என்று அழைத்துப் பழகியதால் பலரும் இதைப் பாசிக் கூட்டத்தில் சேர்த்துவிடுகிறார்கள், உண்மையில் இது பாக்டீரியா. சாட்சி உள்ளேயே இருக்கிறது: உட்கரு இல்லை, பசுங்கணிகம் இல்லை, நிறம் செல் முழுக்கப் பரவியிருக்கும். பச்சை நிறம் தனி நாடாவாகவோ தட்டாகவோ அடைபட்டிருந்தால் அது மெய்யான பாசி. ஸ்பைரோகைரா என்ற பச்சைப் பாசியின் சுருள் நாடாவைப் பார்த்த கண்ணுக்கு இந்த வேறுபாடு உடனே பிடிபடும்.

பொன்பழுப்பு நிறம், படகு வடிவம், நேர்கோட்டில் முன்னும் பின்னும் நகர்ந்தால் டயட்டம். அதன் சிலிகா ஓட்டில் உள்ள நீண்ட பிளவின் வழியே சுரக்கும் பசை போன்ற பொருளைப் பற்றிக்கொண்டு நகர்கிறது. அந்தப் பிளவு இல்லாத டயட்டங்களுக்கு இந்த ஓட்டமும் இல்லை. செத்த பிறகும் ஓடு மிஞ்சும், ஆகவே நிறமற்ற வெறும் கண்ணாடிக் கூடுகளும் நிறையக் கிடைக்கும்.

"உருவம் பிடிபடவில்லை, அசைகிறதா என்றே தெரியவில்லை"

அமீபாவாக இருக்கலாம். பொறுமை இல்லாதவருக்கு அமீபா கிடைக்காது. ஒரு சாம்பல் நிறத் திட்டைத் தேர்ந்து, அதன் ஓர வடிவத்தைத் தாளில் வரைந்துவிட்டு இரண்டு நிமிடம் கழித்து மறுபடி வரையுங்கள். கோடு மாறியிருந்தால், உள்ளே துகள்கள் ஒரு திசையில் வழிந்து கால்போல் நீளும் உடல் பகுதியான போலிக்காலுக்குள் பாய்ந்தால், அமீபா. அமீபா புரோட்டியஸ் பெரிது, அரை மி.மீ. அளவுக்கும் வளரும், பல போலிக்கால்களை நீட்டும். குளத்தில் அதிகம் கிடைப்பவை அதைவிடச் சிறியவை. பழுப்பு நிற வட்டத் தட்டு, நடுவில் ஒரு துளை என்று தெரிந்தால் ஆர்செல்லா. அது ஓடு போர்த்திய அமீபா, துளை வழியே போலிக்கால் வரும்வரை காத்திருங்கள். உருண்டை உடலிலிருந்து எல்லாத் திசையிலும் விறைத்த ஊசிகள் நீண்டிருந்தால் ஆக்டினோஃப்ரிஸ் வகை.

ஏமாற்றுபவையும் உண்டு. தடித்த கருப்பு விளிம்போடு அச்சு வட்டமாக இருந்தால் காற்றுக் குமிழி. அயோடினில் நீலமானால் மாவுத்துகள். இரண்டு ஓரமும் இணையாக நீண்டு முறுக்கிக் கிடந்தால் பஞ்சு இழை.

"நன்றாக ஓடியவை உருண்டையாகி வெடிக்கின்றன"

ஸ்லைடு காய்கிறது அல்லது சூடாகிறது. ஹாலஜன் விளக்கு என்றால் பார்க்காதபோது அணைத்து வையுங்கள். ஓரத்தில் அதே குளத்து நீரை ஒரு துளி விடுங்கள், குழாய் நீர் வேண்டாம், அதிலுள்ள குளோரின் மீதமுள்ள உயிர்களையும் கொன்றுவிடும்.

"கிராம் சாயத்தில் எல்லாம் ஒரே நிறம்"

கிராம் சாயம் பாக்டீரியாவை இரண்டாகப் பிரிக்கும்: ஊதாவாகவே நிற்பவை கிராம் நேர், ஆல்கஹாலில் ஊதா கழன்று சிவப்பாக வருபவை கிராம் எதிர். எல்லாம் சிவப்பா? ஆல்கஹாலை அதிக நேரம் விட்டிருப்பீர்கள், அல்லது அயோடினை மறந்திருப்பீர்கள். அயோடின்தான் ஊதாச் சாயத்தைச் செல்லுக்குள் பெரிய கூட்டாக்கி நிறுத்துகிறது, அது இல்லாமல் எல்லாம் கழுவிப் போய்விடும். தீயில் அதிகம் வாட்டினாலும் செல்சுவர் சிதைந்து சாயம் கசியும். வளர்ப்பு ஒரு நாளைத் தாண்டிப் பழசானாலும் கிராம் நேர் வகைகள், குறிப்பாகப் பேசில்லஸ், சிவப்பாகத் தெரியத் தொடங்கும். ஒரே குச்சிச் சங்கிலியில் பாதி ஊதா பாதி சிவப்பு என்று கண்டால் கலப்படம் என்று முடிவு கட்டும் முன் வளர்ப்பின் வயதைக் கேளுங்கள்.

எல்லாம் ஊதாவா? பூச்சு தடிமன், அல்லது ஆல்கஹால் போதவில்லை. தடித்த இடத்தை விட்டுச் செல்கள் தனித்தனியாகப் பரவிய மெல்லிய பகுதிக்குப் போய்ப் பாருங்கள்.

சாயத்தையே சந்தேகிக்க ஒரு வழி: தெரிந்த கிராம் நேர் ஒன்றையும் தெரிந்த கிராம் எதிர் ஒன்றையும் அதே ஸ்லைடின் இரு ஓரங்களில் பூசிவிடுங்கள். வளர்ப்பு கைவசம் இல்லாதவர்கள் நேர் வகைக்குத் தயிரைப் பயன்படுத்தலாம், அதிலுள்ள குச்சியும் உருண்டையும் இரண்டுமே ஊதாவாக வர வேண்டும். தயிரைப் பத்து மடங்கு நீரில் கரைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பால்புரதமும் சாயம் ஏறிப் பின்புலம் முழுக்க அழுக்காகிவிடும். தயிரே சிவப்பாக வந்தால் அன்றைய முடிவு எதையும் எழுத வேண்டாம். 1884-இல் டென்மார்க்கைச் சேர்ந்த கிராம் வெளியிட்ட முறை இது, இன்றும் செய்பவர் கையைப் பொறுத்தே வெற்றி.

"கொத்தா சங்கிலியா, உருண்டையா குச்சியா?"

குச்சி நிமிர்ந்து நின்றால் உருண்டையாகத் தெரியும். ஆகவே ஒரே செல்லைப் பார்த்து முடிவு செய்யாமல் பல இடங்களைப் பாருங்கள். உருண்டை என்றால் எல்லாமே உருண்டையாக இருக்கும். அடுக்கும் அப்படித்தான்: பூசும்போது நெருக்கமாகக் காய்ந்தால் எதுவும் கொத்தாகிவிடும். ஸ்ட்ரெப்டோகாக்கஸின் சங்கிலி திரவ ஊடகத்தில் வளர்த்ததில்தான் நன்றாகத் தெரியும். ஸ்டஃபிலோகாக்கஸின் கொத்து, செல் பல தளங்களில் பிரிவதால் வருவது. அது மெல்லிய பகுதியிலும் கொத்தாகவே இருக்கும்.

"எல்லாம் பார்த்தாயிற்று, இனப்பெயர் என்ன?"

புரோட்டிஸ்டில் பேரினம் வரை கண்ணால் போகலாம், பல நேரம் இனம் வரைக்கும். பாக்டீரியாவில் அப்படி இல்லை. ஈ. கோலையும் சால்மோனெல்லாவும் கிராம் எதிர்க் குச்சிகள், இரண்டும் நீந்தும், நுண்ணோக்கியில் வேறுபாடு கிடையாது. உயிர்வேதிச் சோதனையோ மரபணுச் சோதனையோ வேண்டும். அதைச் செய்யாமல் நோட்டில் ஈ. கோலை என்று எழுதுவது ஊகம்.

புரோட்டிஸ்டிலும் இந்தச் சுவர் உண்டு. மல மாதிரியில் கியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியை, உதிரும் இலை சுழன்று இறங்குவது போன்ற அதன் அசைவை வைத்தே அனுபவசாலி சொல்லிவிடுவார். ஆனால் நோய் உண்டாக்கும் எண்டமீபா ஹிஸ்டாலிடிகாவும் நோய் உண்டாக்காத எண்டமீபா டிஸ்பாரும் பார்வைக்கு ஒன்றே. உள்ளே விழுங்கிய சிவப்பணுக்கள் தெரிந்தால் முதலாவதன் பக்கம் பலமாகச் சாயலாம், தெரியாவிட்டால் கண்ணால் பிரிக்க முடியாது.

அளவும் கைவிட்ட கதை ஒன்று இருக்கிறது. செங்கடல் மீன் ஒன்றின் குடலில் கிடைத்த எபுலோபிசியம், அரை மி.மீ. வரை நீளும் பெரிய உயிர். 1985-இல் அதை விவரித்தவர்கள் அளவைப் பார்த்துப் புரோட்டிஸ்டாகவே கருதினர். 1993-இல் ரைபோசோம் மரபணுவைப் பார்த்தபோதுதான் பாக்டீரியா என்று நிரூபணமானது.

ஆகவே பாக்டீரியாவுக்கு நோட்டில் இவ்வளவு எழுதினால் போதும்: கிராம் எதிர், குச்சி வடிவம், தனித்தனியாக, ஏறக்குறைய 2 மைக்ரான், தொங்கும் துளியில் நீந்தியது, வித்து காணவில்லை. மாதிரி எடுத்த இடம், நேரம், வளர்ப்பின் வயது, எந்த வில்லையில் பார்த்தது ஆகியவற்றையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். அடுத்து உயிர்வேதிச் சோதனை செய்பவருக்கு இந்த வரிகள்தான் வேண்டும்.